ஈரப்படியில் பதினொரு விநாடி

‘ஈரப்படி’ படத்தைப் பார்த்ததில்லை என்று சொன்னீர்கள். அதில் ஒன்றுமில்லை, ஐயா. வந்தபோதே யாரும் பார்க்காத படம்தான் அது. தென்காசியில் நான்கு நாள் ஓடியது. ஐந்தாம் நாள் வேறு படம் போட்டுவிட்டார்கள்.

வெள்ளைத்தாளும் பேனாவும் கொடுத்து, நடந்ததை நடந்தபடி எழுது என்றீர்கள். எனக்கு அது பழக்கம்தான். பகலில் ஜெராக்ஸ் கடை வேலை முடிந்ததும் மாலை ஆறு மணிக்கு டைப்ரைட்டிங் கிளாஸுக்குப் போவேன். அங்கே இசக்கிசெல்வி டீச்சர் எங்களைத் தினமும் ஒரு பக்கம் நாட்குறிப்பு எழுதச் சொல்வார். மறுநாள் அதையே பார்த்து அடிக்க வேண்டும். புத்தகத்தில் இருப்பதை அடித்தால் கை மட்டும்தான் ஓடுமாம், சொந்தமாக எழுதியதை அடித்தால் மனமும் கூடவே ஓடுமாம். மூன்று ஆண்டாக எழுதுகிறேன். இருந்தும் எழுதுவது சரியாக இருக்கிறதா என்ற சந்தேகம் எனக்குப் போனதே இல்லை. தேதி, நேரம் எல்லாவற்றையும் என் டைரியோடு ஒத்துப் பார்த்துக்கொள்ளுங்கள். அது உங்கள் மேஜைமேல்தான் இருக்கிறது.

முதலில் படத்தைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். அதைச் சொல்லாமல் மற்றதைச் சொன்னால் நான் ஏதோ கோபக்காரன் என்று தோன்றும்.

இருபது ஆண்டுக்கு முன், சீசன் முடிந்து லாட்ஜ்கள் காலியாகக் கிடந்த நேரத்தில், குற்றாலத்தைச் சுற்றி இருபத்தாறு நாளில் எடுத்த பேய்ப்படம். ஓடைப் படித்துறையில் மூழ்கிச் செத்த புதுப்பெண் ஒருத்தி வீட்டுக்குத் திரும்பி வருகிறாள். அவள் வந்துபோனதற்கு அடையாளம் தரையில் ஈரப் பாதம் மட்டும்தான். கையில் காசில்லாமல் எடுத்தது. ஈரப் பாதத்தை வாளித் தண்ணீரில் கையை நனைத்து வைத்தார்களாம். ஒரு காட்சியில் வாளி பிடித்தவரின் முழங்கை தெரியும். பேயின் விக் நெற்றியில் தனியாக மடிந்து நிற்கும். கேபிள் டிவியில் ஓடியதை யாரோ பதிவுசெய்து யூடியூபில் போட்டார்கள். கீழே நகைக்கடை விளம்பரம் ஓடிக்கொண்டே இருக்கும். அதற்குப் பிறகுதான் படத்துக்கு ஒரு கூட்டம் சேர்ந்தது. கல்லூரிப் பையன்கள் லாட்ஜில் ரூம் போட்டு, எல்லோருமாகச் சேர்ந்து பார்த்துச் சிரிப்பார்கள்.

நான் அதை ஒன்பது வயதில் பார்த்தேன். ஒரு வாரம் தரையில் கால் வைக்காமல் கட்டிலிலேயே இருந்தேன். அதனால் அந்தச் சிரிப்பு எனக்குப் புரியவில்லை. தப்பு என்னிடம் இருக்கலாம் என்று நினைத்தேன். ஒருவேளை படம் உண்மையிலேயே பழசாகிவிட்டதோ என்னவோ. சோதித்துப் பார்க்காமல் முடிவு செய்யக் கூடாது என்று முப்பத்தெட்டுப் பேருக்குப் போட்டுக் காட்டினேன். படத்தைப் பார்க்காமல் அவர்கள் முகத்தைப் பார்த்தபடி, எங்கே சிரிக்கிறார்கள் என்று நேரத்தோடு குறித்தேன். பதினான்கு இடங்களில் சிரித்தார்கள். ஒரே ஓர் இடத்தில் மட்டும் முப்பத்தெட்டுப் பேரில் ஒருவர்கூடச் சிரிக்கவில்லை. ஒரு மணி பன்னிரண்டாவது நிமிடத்தில் அவள் ஓடையிலிருந்து படியேறிக் கேமராவைப் பார்த்து வருவாள். பதினொரு விநாடிக் காட்சி. அதில் அவள் முகத்தில் இருப்பதை என்னால் வேறு எந்தப் படத்திலும் பார்க்க முடியவில்லை.

பேயாக நடித்தவர் முத்துவடிவு அக்கா. டைட்டிலில் ‘புதுமுகம் வடிவு’ என்று மட்டும் இருக்கும். அவரைக் கண்டுபிடிக்க எனக்கு எட்டு மாதம் ஆனது. குற்றாலத்தில் கணவரோடு நேந்திரங்காய் சிப்ஸ் கடை வைத்திருக்கிறார். இரண்டு ஆண்டாக ஞாயிறுதோறும் போய்க் கால் கிலோ வாங்கிக்கொண்டு, ஒரு கேள்வி கேட்டுவிட்டு வருவேன். ஒரு தடவைக்கு ஒரு கேள்வி என்பது நானே வைத்துக்கொண்ட ஒழுங்கு. அவரைத் தொந்தரவு செய்யக் கூடாது அல்லவா.

ஐந்தாவது ஞாயிறு அந்தப் பதினொரு விநாடியைப் பற்றிக் கேட்டேன்.

“அது நடிப்பில்ல தம்பி,” என்றார். “மேல மலையில மழ. தண்ணி செவக்குது, எலையும் சுள்ளியுமா வருது. எனக்குத் தெரிஞ்சிட்டு. மெட்ராஸ்காரவுகளுக்கு என்ன தெரியும்? உசுரு போச்சுன்னு ஓடியாறேன், அவுக சூப்பருங்காவ. நான் ஏறி ரெண்டு நிமிசத்துல படி பூரா முங்கிட்டு.” பிறகு குரலைத் தாழ்த்தி, “இத வெளிய சொல்லாண்டாம் தம்பி. அந்த டைரக்டரு செத்துட்டாரு, பாவம்,” என்றார்.

நான் வெளியே சொல்லவில்லை. ஆனால் அந்த ஓடையை அளந்தேன். மேலகரத்திலிருந்து கொஞ்சம் தள்ளி, ஒரு தென்னந்தோப்புக்குள் இறங்கினால் அந்தப் படிகள் இருக்கின்றன. யாரும் குளிக்க வராத இடம், சாதாரண நாளில் கணுக்காலளவு தண்ணீர்தான். மூன்றாம் படியிலும் ஐந்தாம் படியிலும் பெயின்டால் கோடு போட்டேன். இரண்டு மழைக்காலம் பார்த்தேன். அருவியில் தண்ணீர் கூடிக் குளிக்கத் தடை போட்டால், முப்பத்தைந்திலிருந்து ஐம்பது நிமிடத்துக்குள் இங்கே ஏறும். முதலில் இலை வரும். இலை வந்து நான்கைந்து நிமிடத்தில் தண்ணீர் வரும். படத்தைப் பற்றிக் குறித்துவைக்கத் தனியாக நோட்டுகள் வைத்திருக்கிறேன், இவ்வளவும் அதில் ஏழாவதில் இருக்கிறது. படத்தைப் புரிந்துகொள்ள மட்டுமே அளந்தேன். அந்தச் சமயத்தில் எனக்குப் புவனேஷைத் தெரியவே தெரியாது.

புவனேஷைப் பற்றி நியாயமாக எழுத வேண்டும் என்று நினைக்கிறேன். நல்ல பையன். சங்கரன்கோவில்காரன். தென்காசியில் செல்போன் ஷோரூமில் வேலை. போன ஜனவரியில் கிளாஸில் சேர்ந்தான், என் பக்கத்து மெஷின். என் தாளில் தப்பு இருக்காது. டீச்சர் அதைப் பார்த்து “ம்” என்று சொல்லிவிட்டுத் திருப்பித் தருவார். அவன் தாளில் ஒன்பது தப்பு இருக்கும். “ஏலே, இது தமிழா, இல்ல கோழி கிண்டுனதா?” என்று கேட்டு அவன் பக்கத்திலேயே கால் மணி நேரம் நிற்பார். இதை ஏன் எழுதுகிறேன் என்று தெரியவில்லை. வழக்குக்குத் தேவையில்லை என்றால் அடித்துவிடுங்கள்.

அவனுக்குப் பேய்ப்படம் பிடிக்கும் என்றான். நான்தான் ‘ஈரப்படி’யைக் காட்டினேன். என் முதல் ஆறு நோட்டுகளையும் கொடுத்தேன். ஏழாவதைக் கொடுக்கவில்லை. ஏன் என்று இந்த நாற்பது நாளாக யோசித்துப் பார்த்தேன். அக்காவிடம் வெளியே சொல்ல மாட்டேன் என்று ஒப்புக்கொண்டதுதான் காரணம் என்று தோன்றுகிறது.

ஒரு மாதத்தில் அவன் வீடியோ போட்டான். ‘ஈரப்படி: இன்னைக்கும் பயமா, இல்ல காமெடியா?’ பதினெட்டு நிமிடம். நான்கு லட்சம் பேர் பார்த்தார்கள். சிரிப்பு வரும் பதினான்கு இடங்களையும் வரிசையாகக் காட்டிக் கிண்டல் செய்திருந்தான். விக்குக்குத் தனியாக ஒரு பாட்டு. கடைசியில் குரலை மாற்றி, “ஆனா இந்தப் பதினோரு செகண்ட் மட்டும் பழசாகல. கிராபிக்ஸ் பழசாகும், ஈரத் தரை பழசாகாது,” என்றான். அந்த வாக்கியம் என் நான்காவது நோட்டில், இடப்பக்கத்தில் இருக்கிறது. முடிவில், “நோட்ஸ் குடுத்த மேலகரம் நண்பருக்கு நன்றி,” என்றான்.

நான் அதை முப்பத்தொரு தடவை பார்த்தேன். நன்றாக இருந்தது. நான் செய்திருந்தால் இவ்வளவு நன்றாக வந்திருக்காது. இதை ஒப்புக்கொள்ள எனக்குத் தயக்கம் இல்லை. அதனால்தான் உங்கள் கான்ஸ்டபிள் குறிப்பில் ‘பொறாமை’ என்று எழுதியிருப்பது சரியில்லை என்று சொன்னேன்.

அக்காவைப் பார்க்க வேண்டும் என்று கெஞ்சினான். ஒரு ஞாயிறு கூட்டிப்போனேன்.

“வீடியோ போட்டது இவன்தான், அக்கா,” என்றேன்.

அக்கா பொட்டலம் கட்டுவதை நிறுத்திவிட்டு அவனை மேலும் கீழும் பார்த்தார். “நீதானாலே அது? எம் மூஞ்சியப் போட்டு, விக்கு கழண்டு தொங்குதுன்னு ஊரு பூரா சொன்னவன்?”

“தொங்கலக்கா, அது தனியா நடந்து போவுது. விக்கு ஒரு பக்கம் போவுது, நீங்க ஒரு பக்கம் போறிய.”

அக்கா வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். இரண்டு ஆண்டில் நான் பார்க்காத சிரிப்பு. எண்ணெய்ச் சட்டிப் பக்கத்திலிருந்து அவர் கணவர், “பேய்க்கும் ரசிகர் மன்றம் வச்சாச்சா? ஏட்டி, காரச் சிப்ஸ் கேக்காவ பாரு,” என்றார்.

“அக்கா, அந்த நடைய ஒருக்கா நடந்து காட்டுங்களேன்,” என்றான் புவனேஷ்.

“போலே கிறுக்கா. வாங்க வந்தவன் ஓடிப்போவான்.”

“ஓடுனா அவன் சிப்ஸயும் சேத்து நான் வாங்குதேன்.”

அக்கா கொசுவத்தைத் தூக்கிச் செருகிக்கொண்டு, வாழைக்குலைகளுக்கு நடுவில் ஏழு அடி நடந்தார். குதிகாலைத் தரையில் ஊன்றாத அதே நடை. தெருவில் போனவர்கள் நின்று பார்த்துக் கைதட்டினார்கள். அந்த நடையை நடந்து காட்டும்படி நான் ஒன்பது தடவை கேட்டிருக்கிறேன். ஒன்பது தடவையும் “மூட்டு வலி தம்பி, கோவிச்சுக்கிடாதிய,” என்றுதான் சொன்னார். அன்றைய டைரியில் ‘மூட்டு வலி பற்றிப் பேச்சு இல்லை’ என்று எழுதியிருப்பேன்.

அதற்குப் பிறகு நான் இல்லாமலே அவன் அங்கே போனான். அவனை அவர் ‘லே’ போட்டுத்தான் கூப்பிடுவார். எனக்கு எப்போதும் ‘வாங்க தம்பி’தான். மரியாதை கொடுத்தால் யாராவது வருத்தப்படுவார்களா? நானும் வருத்தப்படவில்லை.

படம் வந்து இருபது ஆண்டு ஆனதைக் கொண்டாட, ரசிகர்கள் சேர்ந்து மேலகரத்தில் ஒரு கல்யாண மண்டபத்தில் திரையிட ஏற்பாடு செய்தார்கள். புவனேஷைத்தான் முன்னால் நிறுத்தினார்கள். அவனுக்கு ஒரு யோசனை வந்தது. அந்தப் பதினொரு விநாடியை அதே படியில் திரும்ப எடுப்பது, அவனே சேலை கட்டி விக் வைத்துப் பேயாக வருவது. படத்துக்கு முன் அதைப் போட்டால் மண்டபமே குலுங்கிச் சிரிக்கும் என்றான்.

எனக்கு அது பிடிக்கவில்லை. சிரிப்பு வராத ஒரே இடம் அது. முப்பத்தெட்டுப் பேரை வைத்து நான் உறுதி செய்த இடம். அதையும் சிரிப்பாக்கிவிட்டால் படத்தில் மிச்சம் என்ன இருக்கிறது? பொறுமையாக அவனிடம் எடுத்துச் சொன்னேன்.

“நீ ரொம்ப சீரியஸ் மச்சான்,” என்றான். “ஒரு பேயி, ஒரு விக்கு. இதுக்கு யாராச்சும் அழுவானா? நீயே கேமரா புடி. ஒன்னத் தவிர யாருக்கும் அந்தக் கோணம் தெரியாது.”

அவன் சொன்னதிலும் உண்மை இருந்தது. கேமராவை எந்தக் கல்மேல் வைத்தார்கள் என்றுகூடக் கண்டுபிடித்தவன் நான்தான்.

அக்காவிடமும் சொன்னான். அவர் முகம் மாறிவிட்டது. “அங்கனயா? ஏலே, அது சொன்னபடி கேக்குற தண்ணியில்ல. தனியா எறங்காத,” என்றார். பிறகு என்னைப் பார்த்து, “தம்பி, நீங்க கூடப் போறியளா? அப்ப சரி. இவுகளுக்கு அந்த ஓடையப் பத்தித் தெரியும்லே. இவுக சொல்லுததக் கேட்டு நட,” என்றார். இரண்டு ஆண்டில் அவர் என்னைப் பற்றிச் சொன்ன ஒரே நல்ல வார்த்தை அது. அதையும் அவனுக்காகத்தான் சொன்னார்.

காதில் இயர்போன் மாட்டும் யோசனை என்னுடையது. உங்களிடம் முதலில் கொடுத்த வாக்குமூலத்தில் அவனுடையது என்று சொன்னேன், அது பொய். படத்தின் இசையைக் காதில் கேட்டுக்கொண்டு நடந்தால் நடை தாளத்தில் விழும் என்றேன். கிளாஸில்கூட டீச்சர் எங்களைப் பாட்டுக்கு அடிக்கவைப்பார், வேகம் சீராக வரும். ஆரம்பத்தில் அது நடைக்காகத்தான். சத்தத்தை முழுதாக வைக்கச் சொன்னது எந்த நாளில் என்று டைரியில் தேடினேன், குறிப்பு இல்லை. காது கேட்காதென்பதால் கை ஜாடை பழக்கினேன். உள்ளங்கையைக் காட்டினால் நிறுத்தி மேலே வா. விரலைச் சுழற்றினால் இன்னொரு தடவை.

எந்த நாள் என்பதை என்னிடம் விட்டிருந்தான். வெளிச்சம் சரியில்லை என்று நான்கு சனிக்கிழமைகளைத் தள்ளிப்போட்டேன். நான்கும் நல்ல வெளிச்சமுள்ள நாட்கள்தான். மலையில் மழை இல்லாத நாட்களும்கூட.

நவம்பர் ஒன்பது, சனிக்கிழமை. ஞாயிற்றுக்கிழமைதான் எடுக்கிறோம் என்று அக்காவிடம் சொல்லியிருந்தேன். அருவிப் பக்கத்துக் கடைக்காரர்களின் வாட்ஸ்அப் குழுவில் நான் இருக்கிறேன், அக்காவின் கணவர் சேர்த்துவிட்டது. பிற்பகல் 2.10க்கு ‘தண்ணி கூடிட்டு, குளிக்கத் தடை’ என்று செய்தி வந்தது. உடனே புவனேஷைக் கூப்பிட்டு, வெளிச்சம் நன்றாக இருக்கிறது, வா என்றேன். 2.30க்குத் தோப்புக்கு வந்துவிட்டோம். கீழே நல்ல வெயில். மலை மட்டும் கறுத்திருந்தது. அவன் மலையைப் பார்த்து, “செம பேக்ரவுண்ட் மச்சான்,” என்றான். கரிசல் காட்டில் வளர்ந்தவனுக்கு மழைமேகம் என்றால் சந்தோஷம்தான்.

அவனுடைய போனில்தான் எடுத்தோம். முதல் தடவை சேலை காலில் சிக்கியது. இரண்டாவது தடவை சிரித்துவிட்டான். மூன்றாவது நன்றாக வந்தது, அதுவே போதும். 2.49க்கு முதல் இலை வந்தது. பிறகு சுள்ளிகள், ஒரு தென்னம்பாளை. அவன் மேலே ஏறிவந்து போனில் பார்த்துவிட்டு, “போதும்லா?” என்று கேட்டான். நான் விரலைச் சுழற்றினேன்.

அவன் கோபப்படவில்லை. “ஒன்னயக் கட்டிக்கிடப் போறவ பாவம்லே,” என்று சொல்லிவிட்டு, விக்கைச் சரிசெய்து, இயர்போனை மாட்டிக்கொண்டு கடைசிப் படிவரை இறங்கினான். தண்ணீர் டீ நிறத்துக்கு மாறியிருந்தது. தூரத்தில் லாரி வருவதுபோல் ஒரு சத்தம் எனக்குக் கேட்டது. நான் உள்ளங்கையைக் காட்டியிருக்கலாம். அதற்கு நேரம் இருந்தது. ஒன்றரை நிமிடம் இருந்தது. நடக்கலாம் என்று தலையசைத்தேன்.

இரண்டாம் படி ஏறும்போது கால்மாட்டில் ஏதோ தோன்றித் திரும்பிப் பார்த்தான். பிறகு என்னைப் பார்த்தான். அந்த முகம் எனக்குத் தெரிந்த முகம்தான். விக் இருந்தும் சிரிப்பு வரவில்லை.

கத்திக் கூப்பிட்டேன், இயர்போனால் அவனுக்குக் கேட்கவில்லை என்று எல்லோரிடமும் சொன்னேன். எல்லோரும் நம்பினார்கள். அவன் அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டு, நீயாவது பிழைத்தாயே என்று அழுதார். அவன் போனைக் கரையிலிருந்து எடுத்துவந்து ஒப்படைத்தது நான்தான். நீங்களும் விபத்து என்று முடித்துவிட்டீர்கள். ஒன்றை மட்டும் நீங்கள் கவனிக்கவில்லை, ஐயா. அந்த வீடியோவில் சத்தத்தைக் கூட்டிவைத்துக் கேளுங்கள். யாரும் கத்தவில்லை. ஒன்று, இரண்டு என்று பதினொன்றுவரை ஒரு குரல் மெதுவாக எண்ணும். அது என் குரல். பழைய காட்சியின் நீளம் சரியாக வர வேண்டுமே என்று எண்ணினேன்.

இந்த மாதத் தொடக்கத்தில் படத்தை அஞ்சலிக் கூட்டமாகத் திரையிட்டார்கள். நூற்றுப் பன்னிரண்டு பேர் வந்தார்கள். நான் முன்வரிசை ஓரத்தில் திரும்பி உட்கார்ந்து அவர்கள் முகத்தைப் பார்த்தேன். வாளிக்காரரின் முழங்கை வந்தது. சிரிப்பு இல்லை. விக் மடிந்தது. சிரிப்பு இல்லை. பதினான்கு இடத்திலும் பூஜ்யம் போட்டேன். ஒரு மணி பன்னிரண்டாவது நிமிடத்தில் பின்வரிசையில் ஒரு பெண் வீறிட்டு அழுதாள். அக்கா எழுந்து வெளியே போய்விட்டார். படம் இன்றைக்கும் நிற்கிறது என்பதில் எனக்கு இருந்த சந்தேகம் அன்று தீர்ந்தது. வெகு நாளைக்குப் பிறகு நன்றாகத் தூங்கினேன்.

ஏன் நாற்பது நாள் கழித்து நீயாக வந்தாய் என்று கேட்டீர்கள். மனச்சாட்சி என்று சொன்னேன். அதுவும் உண்டு.

அக்கா கடையில் சாமி படத்துக்குப் பக்கத்தில் புவனேஷ் படத்தை மாலை போட்டு மாட்டியிருக்கிறார். ஞாயிறு போனால் என்னிடம் பேசுவது அவனைப் பற்றித்தான். படத்தைப் பற்றி ஒரு கேள்வி கேட்டால், “அத விடுங்க தம்பி,” என்கிறார். யூடியூபில் இப்போது படத்துக்குக் கீழே எல்லோரும் ‘புவனேஷ் படம்’ என்றே எழுதுகிறார்கள். அவன் போனில் இருந்ததில் முதல் ஐந்து விநாடியை அவன் சித்தி மகன் இசை சேர்த்து வெளியிட்டான். பொங்கலுக்குத் திருநெல்வேலியில் திரையிடப்போகும் போஸ்டரை நேற்று பார்த்தேன். ‘புவனேஷ் கடைசியாக எடுத்த காட்சியுடன்’ என்று போட்டிருக்கிறது. நடத்துபவருக்கு போன் செய்தேன். “செத்தவன் பேரப் போட்டாத்தான தம்பி கூட்டம் வரும்,” என்றார். இன்று காலை இங்கே வந்துவிட்டேன்.

ஆகவே தெளிவாக எழுதுகிறேன். தண்ணீர் வரும் என்று தெரிந்தே புவனேஷை அந்தப் படியில் இறக்கினேன். வந்துகொண்டிருந்தது என்று தெரிந்தே நடக்கச் சொன்னேன். இதற்கு என்ன தண்டனையோ கொடுங்கள், நான் எதிர்த்துப் பேச மாட்டேன். ஆனால் அந்தக் காட்சியை அவன் எடுக்கவில்லை. அவன் அதில் நடித்தான், அவ்வளவுதான். எடுத்தவன் மேலகரம் பேச்சிராஜ். பொங்கலுக்கு இன்னும் இருபத்தாறு நாள் இருக்கிறது. போஸ்டரைத் திருத்தச் சொல்லி இங்கிருந்து ஒரு கடிதம் போனால் அவர்கள் கேட்பார்கள்.